மேடையிலிருந்து திரைக்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி மயிலாப்பூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக மாதம் தவறாமல் கூடிக் கவிதை படித்துவரும் ஓர் அவையில் நாடகத்தையும் சினிமாவையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். கவிதை எழுதத் தெரியாதவனுக்கு வேறு என்ன தலைப்பைக் கொடுப்பது என்று செயலாளர் எண்ணியிருக்கக்கூடும். அதில் தவறில்லை. ஆனால் உரையின் முடிவில் இது கவிஞர்களுக்கே உரிய தலைப்பு என்று உங்களை ஒப்புக்கொள்ள வைக்க முயல்வேன்.

சென்ற மாதக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார்: "நல்ல நாடகங்களெல்லாம் சினிமாவாகும்போது ஏன் கெட்டுப்போகின்றன?" அவருக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. கெட்டுப்போகின்றன என்பதே முழு உண்மையா என்ற ஐயம் எனக்கு இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். தமிழில் மேடையிலிருந்து திரைக்குப் போனவை எவை, போகும்போது எதை எடுத்துச் சென்றன, எதை விட்டுச் சென்றன என்ற கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் படிக்கிறேன்.

முதலில் இந்த ஊரைச் சுற்றியே தொடங்குகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தெற்கே, அடையாற்றுப் பக்கம், மீனாட்சி சினிடோன் என்றொரு ஸ்டூடியோ இருந்தது. அதே இடம் பின்னர் நெப்டியூன் ஸ்டூடியோவாகி, பிறகு சத்யா ஸ்டூடியோவாகி, இன்று மகளிர் கல்லூரியாக இருக்கிறது. அங்கேதான் கே. சுப்பிரமணியம் 1934இல் 'பவளக்கொடி'யைப் படமாக்கினார். அதுவே அவர் இயக்கிய முதல் படம். தியாகராஜ பாகவதருக்கும் எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் அதுவே முதல் படம். இருவரும் அந்த நாடகத்தை மேடையில் நடித்துப் புகழ்பெற்றிருந்தவர்கள். விளக்கொளி வசதி போதாத காலம். சூரியனை நம்பிப் படம் எடுத்தார்கள். மேகம் வந்தால் வேலை நின்றது. சாப்பாட்டு மிச்சத்துக்கு வந்து கூடிய காகங்கள் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுக்க, அவற்றை விரட்டவே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்பது பழைய சினிமா வரலாறு அறிந்தவர்கள் சொல்லிச் சிரிக்கும் செய்தி.

அந்தப் படத்தில் ஏறக்குறைய ஐம்பது பாடல்கள். மேடையில் பாடியவற்றைத் திரையிலும் பாடினார்கள். காமிரா, கொட்டகையின் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகரைப் போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. டிக்கெட் வாங்க வசதியில்லாதவனையும் பாகவதருக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார வைத்த பெருமை அந்தக் காமிராவுக்கு உண்டு. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடையில் இரவு முழுவதும் நடந்த தர்க்கம், ஒருவர் கேட்க மற்றவர் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டிப் பதில் பாடும் போட்டி, படத்துக்குள் வர இயலவில்லை. நேற்றைய பதில் இன்றைக்கு இல்லை என்பதுதான் அந்தக் கலையின் உயிர். பிலிமோ ஒரு நாளின் பதிலையே எல்லா நாளுக்கும் உரியதாக்கிவிட்டது.

இதே இழப்பை வேறொரு விதமாக எம்.ஆர். ராதாவிடம் காண்கிறோம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தை ராதா ஊர் ஊராக நடத்தினார். அன்றைய செய்தியை அன்றைய மேடையில் கிண்டல் செய்வது அவர் வழக்கம். ஆகவே நேற்றுப் பார்த்தவர் இன்றும் வந்தார். 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படம் வந்தது. அந்தப் படம் இல்லையென்றால் ராதாவின் குரலேற்ற இறக்கத்தை நம் பேரப்பிள்ளைகள் அறிய வழியில்லை. எனினும் நமக்குக் கிடைத்திருப்பது நூற்றுக்கணக்கான 'ரத்தக் கண்ணீர்'களில் ஒன்று மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அன்பர்களே, இனி 1891ஆம் ஆண்டுக்கு வருகிறேன். தமிழ் நாடகத்துக்கு அது இரட்டைப் பிள்ளைகள் பிறந்த ஆண்டு. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீய'த்தை அச்சிட்டார். அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார், வயது இன்னும் இருபது நிரம்பாதவர், சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முன்னவர் செய்யுளில் எழுதினார். பின்னவர் உரைநடையை மேடையில் நிலைநாட்டினார். இந்த இரண்டு வழிகளும் திரைக்கு எப்படிப் போயின என்று பார்த்தால் என் கணக்கில் பாதி முடிந்துவிடும்.

முதலில் பம்மல். அவருடைய 'மனோகரா' 1936இல் ஒருமுறை படமாயிற்று; 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில் மறுபடியும் வந்தது. சிவாஜி கணேசன் சிறுவயதில் மேடையில் பழகிய நாடகம் அது. கண்ணாம்பா அரசியாகவும் டி.ஆர். ராஜகுமாரி வசந்தசேனையாகவும் நடித்தார்கள். சங்கிலியால் கட்டுண்ட மகன், அவனைத் தன் வாக்கால் தடுத்து வைத்திருக்கும் தாய், அந்த வாக்கை அவள் விலக்கிக்கொள்ளும் கணம். மேடைக்கென்றே பிறந்த காட்சி அது. 1954 படத்தில் அந்தக் காட்சி வெற்றி பெற்றதற்குக் காரணம் காமிராவின் நகர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே மொழிதான் நகர்ந்தது. பம்மல் எழுதிய அளவான உரைநடைக்குப் பதிலாக அடுக்குமொழி வந்து அமர்ந்தது. வசனப் புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்த தலைமுறை நம்முடையது. இங்கே நாடகாசிரியர் கதையைக் கொடுத்தார். மொழியை வேறொருவர் கொடுத்தார். படம் அந்த இரண்டாமவரின் மொழியாலேயே நிலைத்தது. மூலத்துக்கு மாறானது, அதே சமயம் தானாக நிற்கக்கூடியது. கெட்டுப்போயிற்று என்று இதை எப்படிச் சொல்வது?

பம்மலின் 'சபாபதி' இதற்கு நேர் எதிர். ஏவி.எம். 1941இல் எடுத்த அந்தப் படத்தில் டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் எசமானும் வேலைக்காரனுமாக, ஒரே பெயர் உடைய இருவராக வருகிறார்கள். வீட்டுக் கூடம், சாப்பாட்டு இலை, பள்ளிக்கூட வகுப்பு இவற்றை விட்டு அந்தப் படம் அதிகம் வெளியே போகவில்லை. நாடகம் எவ்வளவு சிறிய இடத்தில் நடந்ததோ அவ்வளவு சிறிய இடத்திலேயே படமும் நடந்தது. ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் இன்றும் சிரிக்க வைக்கிறது. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இப்போது 'மனோன்மணீயம்'. கவிஞர்களின் கவனத்தை இங்கே வேண்டுகிறேன்.

ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பகுதி ஆசிரியப்பா. படிப்பதற்குரிய நாடகம் என்றே அறிஞர்கள் இதை வகைப்படுத்துவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் இதை 'மனோன்மணி' என்ற பெயரில் படமாக்கியது. டி.ஆர். சுந்தரம் இயக்கினார், பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். 'மனோகரா'வில் வசந்தசேனையாக வந்த அதே ராஜகுமாரிதான். 1891இன் இரண்டு வழிகளும் திரையில் ஒரே நடிகையிடம் வந்து கூடியதை ஒரு வியப்பாகச் சொல்லலாம். அவர் பெயரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஒரு திரையரங்கே இருந்தது. இன்று அது இல்லை. ஜவுளி வாங்கப் போகிறவர்கள் அந்த இடத்தைத் தெரியாமல் கடந்து போகிறார்கள்.

படம் பெரும் பொருட்செலவில் வந்தது, வெற்றியும் பெற்றது. சதிகார அமைச்சன் குடிலன், வெள்ளை மனத்து அரசன் சீவகன், முனிவர் அமைத்த சுரங்க வழி, காணாமலே கனவில் கண்டு காதலித்த இருவர் என்று திரைக்கு வேண்டிய யாவும் கதையில் இருந்தன. ஆனால் ஆசிரியப்பா எங்கே போயிற்று? படத்துக்கு உரைநடை வசனமும் பாட்டுகளும் போதுமானவையாக இருந்தன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 'மனோன்மணீய'த்தின் கதை சுந்தரம் பிள்ளையுடையது அன்று. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையிலிருந்து அதை எடுத்துக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. கதை கடன். அந்தக் கடனைப் பாண்டி நாட்டு மண்ணில் விதைத்து, ஆசிரியப்பாவில் வளர்த்து, தத்துவத்தால் நீர் பாய்ச்சியதே அவருடைய சொந்தம். திரைப்படமோ கடனாக வந்ததை வைத்துக்கொண்டு சொந்தமானதை விட்டுவிட்டது. ஒரு வீட்டில் புகுந்தவன் வாடகை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் பரம்பரை நகைப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனதைப் போல.

இதற்குத் தயாரிப்பாளரை நான் குறை கூற மாட்டேன். நமக்கு அந்தப் பெட்டியின் மதிப்பு தெரிந்ததா? அதன் தொடக்கத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி 1970இல் அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. அன்று முதல் கோடிக்கணக்கானோர் எழுந்து நின்று பாடுகிறோம். அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்கள் இந்த அவையிலேயே எத்தனை பேர்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். நான் முழுவதும் படித்தது நாற்பது வயதுக்குப் பின்தான்.

செய்யுள் நாடகம் திரைக்கு ஒத்துவராது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. லாரன்ஸ் ஒலிவியர் 1944இல் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யைப் படமாக்கியபோது, பழைய குளோப் நாடக அரங்கிலேயே கதையைத் தொடங்கினார். நடிகர்கள் மேடையில் செய்யுள் பேசுவதைக் காட்டி, நம் காதைப் பழக்கிவிட்டு, அதன் பின்னரே போர்க்களத்து வெளிக்கு அழைத்துச் சென்றார். ஜப்பானில் குரோசாவா 1957இல் 'மாக்பெத்'தை எடுத்தபோது ஷேக்ஸ்பியரின் வரிகளைக் கைவிட்டார். ஆனால் அந்த வரிகள் செய்த வேலையை மூடுபனிக்கும் காட்டுக்கும், நோ நாடக மரபின் முகபாவத்துக்கும் பகிர்ந்து கொடுத்தார். ஒருவர் செய்யுளைக் காத்தார். மற்றவர் செய்யுளுக்கு ஈடு செலுத்தினார். இரண்டும் நேர்மையான வழிகளே. ஈடு எதுவும் செலுத்தாமல் கதையை மட்டும் கொண்டு போவதுதான் நேர்மையற்றது என்பது என் துணிபு. ஒரு நாடகத்தில் மிக எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய பொருள் அதன் கதைதான். அதனாலேயே மிக மலிவான பொருளும் அதுவே.

அடுத்து நம் சபாக்களின் காலம். ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், வாணி மகால் என்று அலுவலகம் முடிந்து மாலையில் ஒப்பனை போட்டுக்கொண்டவர்களின் காலம். எழுதுவதையும் நடிப்பதையும் எட்டு மணி நேர உத்தியோகத்துக்குப் பிறகு செய்தார்கள். அவர்களிடம் பணமில்லை. ஆகவே ஒரே செட். ஒரு வீட்டுக் கூடம், அல்லது ஒரு மருத்துவமனை அறை. ஏஜி அலுவலகத்தில் பணியாற்றிய கே. பாலசந்தர் அந்த வறுமையையே வடிவமாக்கிக்கொண்டார். அவர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி' (1965) அவருடைய நாடகமே. மருத்துவமனையை விட்டு நகராத கதை. 'மேஜர் சந்திரகாந்த்' நாடகம் 1965இல் இந்தியில் 'ஊஞ்சே லோக்' ஆகவும், 1966இல் தமிழில் அவர் இயக்கத்திலேயே படமாகவும் வந்தது. தன் வீட்டில் புகலிடம் கொடுத்து வைத்திருப்பவன் தன் மகனையே கொன்றவன் என்று அறிய நேரும் பார்வையற்ற தந்தை. மேடையில் அந்தப் பார்வையின்மை நமக்கு ஒரு தவிப்பு: நாம் காண்பதை அவர் காணவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அவருக்குச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். திரைக்கு வந்தபோதும் பாலசந்தர் அந்த வீட்டை விட்டு ஓடிவிடவில்லை. சுவர்கள் நெருக்க நெருக்கத்தான் அந்தக் கதைக்கு மூச்சு முட்டும் என்பதை அறிந்திருந்தார்.

'சபாபதி'யை முன்பு குறிப்பிட்டதன் காரணம் இதுவே. ஒரு நாடகத்தைப் படைப்பது அதன் கதையன்று; அதன் கட்டுப்பாடு. கவிஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெண்பாவுக்குத் தளை எதுவோ, அதுவே நாடகத்துக்கு மேடை. திரைக்கு எடுத்துச் செல்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த நாடகத்தின் தளை எது? சினிமாவில் எங்கும் போகலாம் என்ற சுதந்திரத்தால் அந்தத் தளையை அறுத்து, நாயகனையும் நாயகியையும் மலைப்பிரதேசத்துக்கு அனுப்பி ஒரு பாட்டு பாடச் சொன்னால் வெண்பா உரைநடையாகிவிடும்.

அப்படியானால் வெளியே போகவே கூடாதா? கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' இதற்கு விடை சொல்கிறது. 1980இல் மேடையேறியது, 1981இல் பாலசந்தர் இயக்கத்தில் படமாகி, சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்னும் தேசிய விருதுகளைப் பெற்றது. இரண்டையும் பார்த்தவன் நான். மேடையில் அத்திப்பட்டுக் கிராமத்து வறட்சியைக் காட்ட முடியாது. பேச்சாலேதான் அந்த வறட்சி நம் தொண்டைக்கு வர வேண்டும். வந்தது. நாடகம் முடிந்து வெளியே வந்தபோது, சபா வாசலில் இருந்த குழாயடியில் வரிசையாகக் குடங்கள் நின்றதைக் கண்டேன். நாடகத்தின் கடைசிக் காட்சி எனக்கு அந்தத் தெருவில்தான் நடந்தது.

படத்தில் பாலசந்தர் வெளியே போனார். வெடித்த நிலத்தையும் குடம் சுமந்த பெண்கள் நடக்கும் தொலைவையும் காட்டினார். ஆனால் அது தளையை அறுத்தது ஆகாது. தொலைவுதான் அந்த நாடகத்தின் தளை: பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் நீர். மேடை அதைச் சொல்ல மட்டுமே முடிந்தது. திரை அதை நடந்தே காட்டியது. எனக்குக் குழாயடி கொடுத்ததைப் படம் கொடுக்கவில்லை. ஆனால் நாடகம் கொடுக்க முடியாத தொலைவைக் கொடுத்தது. இதே நீர்ப் பொருளை எடுத்துக்கொண்ட சத்யஜித் ராய், இப்சனின் 'மக்கள் விரோதி'யை 1989இல் 'கணசத்ரு'வாக வங்காளத்துக்கு மாற்றினார். நார்வேயின் குளியல் நீர் அங்கே கோயில் தீர்த்தமாயிற்று. இதய நோயால் அவர் வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போக முடியாத நேரம். ஏறக்குறைய முழுவதும் அறைகளுக்குள்ளேயே எடுத்தார். ஒருவர் வெளியே போனார், ஒருவர் உள்ளேயே இருந்தார். இருவரும் நாடகத்தின் உயிர்நிலை எதுவென்று அறிந்தே செய்தார்கள்.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடித்தால் இந்த உரை நேர்மையாகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தியாகராய நகரில் ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாவில் இரண்டாண்டு உதவியாளனாக இருந்தேன். முதியவர் ஒருவர் எழுதிய நாடகம் ஒன்றைக் கம்பெனி வாங்கியது. மயிலாப்பூரில் நாலைந்து முறை மேடையேறிய, அச்சேறாத நாடகம். திரைக்கதைக்கு ஏற்பச் சுருக்கும் வேலை என்னிடம் வந்தது. அவர் தம் கையெழுத்துப் பிரதியை, கோடு போட்ட இரண்டு நோட்டுப் புத்தகங்களை, என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு காட்சி: பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த கணவன் பேசிக்கொண்டே இருக்கிறான், மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருக்கிறாள். நாடகத்தின் உயிர் அந்த மௌனம். எனக்கு வயது இருபத்தைந்து. அவளுக்கு ஒன்றரைப் பக்க வசனம் எழுதினேன். முதலாளி பாராட்டினார். அந்த வசனத்துக்குப் பின் ஒரு பாட்டும் வைத்தோம்.

தனிக் காட்சிக்கு அந்தப் பெரியவர் வந்திருந்தார். முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "தம்பி, நீர் என் நாடகத்தைக் கெடுக்கவில்லை. அதைத் தொடாமலேயே ஒரு படம் எடுத்திருக்கிறீர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

படம் ஒரு வாரம் ஓடியது. பிறகு கம்பெனி மூடப்பட்டது. நோட்டுப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கே போயின என்று சில ஆண்டுகள் கழித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. படத்தின் பிரதியும் இன்று இல்லை. அவரும் இல்லை. அந்த நாடகம் இப்போது என் நினைவில் உள்ள அந்த ஒரு காட்சி மட்டுமே. பம்மல் தம் நாடகங்களை அச்சிட்டார். அதனால்தான் மூலத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்க நமக்கு முடிகிறது. அச்சேறாத நாடகத்துக்குத் திரைப்படம் என்பது மறுபிறவியாகவும் இருக்கலாம், கல்லறையாகவும் இருக்கலாம்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் விடை: நாடகங்கள் சினிமாவால் கெடுவதில்லை. நாடகம் தன் பிரதியோடு நம்மிடம் இருக்கும்வரை எத்தனை படங்கள் வந்தாலும் அதற்குக் குறைவில்லை. அடுத்த தலைமுறையில் ஒருவர் மறுபடியும் தொடங்கலாம். பிரதி போனால்தான் எல்லாம் போயிற்று.

இந்த வட்டத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வசிக்கும் உறுப்பினர்களின் வீட்டுப் பரண்களில், அப்பாவோ மாமாவோ சபாவுக்கு எழுதிய நாடகங்கள் நிச்சயமாக இருக்கும். அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போடுமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடையாற்றை அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல் நிலையம் இருக்கிறது. சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியவரின் பெயரால் அமைந்த நிலையத்துக்கு அருகில் இருந்துகொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டோம் என்று நாம் சொல்லக்கூடாது. நான் சொல்ல நேர்ந்தது போதும்.

மற்றொன்று கவிஞர்களுக்கு. பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தில் 'மனோன்மணீய'த்தின் ஓர் அங்கத்தைப் பாத்திரம் பிரித்து வாய்விட்டுப் படிப்போம். ஒப்பனை வேண்டாம், திரைச்சீலை வேண்டாம். ஆசிரியப்பா ஒரு மனிதனின் வாயிலிருந்து கோபமாகவும் அச்சமாகவும் வெளிவரும்போது எப்படி ஒலிக்கிறது என்று கேட்போம். அதைக் காதால் கேட்ட ஒருவர்தான் என்றேனும் அதைத் திரைக்கு எடுத்துச் செல்லும்போது அதற்குரிய ஈட்டைச் செலுத்துவார். குடிலன் வேடத்தை ஏற்க யாரும் முன்வராவிட்டால் நான் படிக்கிறேன். அந்தத் தகுதி எனக்கு உண்டு என்பதை இப்போதுதான் உங்களிடம் ஒப்புக்கொண்டேன்.